கடற்பாசிப் பொடி: தினமும் ஒரு ஸ்பூன் குடிக்கலாமா?

வாசகர் கேள்வி:
கடற்பாசிப் பொடி ஒரு டப்பா வாங்கியிருக்கிறேன். தினமும் காலையில் ஒரு டீஸ்பூன் வெந்நீரில் கலந்து குடித்தால் தைராய்டு சீராகும், பி12 ஏறும், எடை குறையும் என்றார்கள். குடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் வாடை குமட்டுகிறது. பலன் உண்டு என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டாவது குடிக்கத் தயார். தொடரலாமா?

ஜூன் 3, காலை

தொடராதீர்கள். முதலில் டப்பாவைத் திருப்பி, எந்தப் பாசி என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கெல்ப் அல்லது கோம்பு (இரண்டும் பட்டையான பெரிய பழுப்புப் பாசிகள்) என்று இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். பெயரே போடாமல் 'கடற்பாசி' என்று மட்டும் இருந்தாலும் நிறுத்துங்கள். எந்தப் பாசி என்று சொல்லாத பொடியை அளந்து குடிக்கவே முடியாது.

கணக்கைப் பாருங்கள். ஒரு டீஸ்பூன் பொடி சுமார் 2, 3 கிராம் வரும். கோம்பு வகைப் பாசியில் ஒரு கிராமுக்கு 1000 முதல் 3000 மைக்ரோகிராம் அயோடின் இருப்பது சாதாரணம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம். இதைத் தாண்ட வேண்டாம் என்று அமெரிக்காவில் வைத்திருக்கும் வரம்பு 1100, ஐரோப்பாவில் 600. உங்கள் ஒரு ஸ்பூன் இந்த எல்லைகளையெல்லாம் ஒரே வாயில் தாண்டிவிடும்.

'அயோடின் தைராய்டுக்கு நல்லதுதானே' என்பீர்கள். குறைபாடு இருப்பவருக்கு நல்லது. அதிகமாகக் கொட்டினால் சுரப்பி ஹார்மோன் செய்வதையே நிறுத்திவைக்கும். இதை 1948இல் உல்ஃப், சைக்காஃப் என்ற இருவர் எலிகளில் கண்டறிந்தார்கள். அவர்கள் பெயரிலேயே அந்த விளைவு இன்றும் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. ஆரோக்கியமான சுரப்பி சில நாட்களில் பழகிக்கொண்டு மறுபடி வேலைக்கு வந்துவிடும். ஏற்கெனவே நோய் எதிர்ப்பு மண்டலத்தால் அடிபட்ட சுரப்பி (ஹாஷிமோட்டோ உள்ளவர்கள்) அப்படியே முடங்கிக் கிடக்கலாம். கழுத்தில் கட்டி உள்ள சிலருக்கு நேர்மாறாக, ஹார்மோன் தாறுமாறாக ஏறும். தைராய்டு தொல்லைக்கு மருந்தென்று கெல்ப் பொடியைக் கொடுப்பது எனக்குக் கோபம் வரவழைக்கிற விஷயம். யாருக்கு அதிக ஆபத்தோ அவர்களிடமே கொண்டுபோய் விற்கிறார்கள்.

என் சித்தி கெல்ப் மாத்திரை சாப்பிட்டார். டிஎஸ்ஹெச் (தைராய்டு வேலை குறையும்போது ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) ஏறிக்கொண்டே போனது. தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மருத்துவர், வேறு என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒருமுறை நிதானமாகக் கேட்டதால் சித்தி பிழைத்தார். கெல்ப்பை நிறுத்தியதும் அளவு இறங்கியது.

ஜூன் 3, இரவு

"அப்போ கடற்பாசியே வேண்டாமா?" என்று மூன்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். நான் வாரத்தில் பல நாள் சாப்பிடுகிறேன். ருசிக்காகத்தான் சாப்பிடுகிறேன், விட மனசில்லை.

கடற்பாசி என்பது ஒரு பொருளே இல்லை. சிவப்பு, பச்சை, பழுப்பு என்று மூன்று பெரிய குடும்பங்கள். உயிரியல் முறையில் பார்த்தால் பழுப்புப் பாசிக்கும் சிவப்புப் பாசிக்கும் உறவே கிடையாது. நோரி (மெல்லிய தாளாகக் காயவைத்து விற்பது) சிவப்புக் குடும்பம். கோம்புவும், சூப்பிலும் சாலட்டிலும் போடும் வகாமேயும் பழுப்பு. அயோடினைக் கடல் நீரிலிருந்து உறிஞ்சிச் சேர்ப்பதில் கோம்புவை மிஞ்ச ஆளில்லை. நோரியில் கிராமுக்குச் சில பத்து மைக்ரோகிராம்தான். ஒரு முழுத் தாள் இரண்டரை, மூன்று கிராம் எடை. அதைத் தின்றால் ஒரு நாள் தேவைக்குள் அடங்கிவிடும். வகாமே இரண்டுக்கும் நடுவில், நோரிக்குச் சற்றுப் பக்கமாக.

ஆகவே 'கடற்பாசி நல்லதா கெட்டதா' என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. எந்தப் பாசி, எவ்வளவு, வாரத்தில் எத்தனை நாள் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

ஜூன் 5

ருசியைப் பற்றிக் கேட்டதற்கு நன்றி. இதைத்தான் முதலிலேயே பேசியிருக்க வேண்டும், பயமுறுத்தல் முந்திக்கொண்டது.

குமட்டுவது ஏன் என்றால், பாசியைக் கொதிக்கும் நீரில் போட்டதும் டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயு கிளம்புகிறது. கடற்கரை வாடை என்று நாம் சொல்வதில் பெரும் பங்கு அதுதான். ஒரு டம்ளர் வெந்நீரில் பொடியைக் கலந்தால் மொத்த வாடையும் நேரே மூக்குக்கு வரும், அதைத் தணிக்க அங்கே வேறொன்றும் இல்லை. அப்படிக் குடித்துவிட்டுப் 'பிடிக்கவில்லை' என்று சொல்வது பாசிக்குச் செய்கிற அநியாயம்.

கோம்புவை இப்படி முயன்று பாருங்கள். பட்டையான காய்ந்த இலை, கறுப்பு கலந்த பச்சை, ஓரம் சுருண்டிருக்கும். மேலே வெள்ளையாக மாவு பூத்திருக்கும். பூஞ்சை என்று நினைத்துத் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். அது பெரும்பாலும் மானிட்டால் என்ற இனிப்புப் பொருள். விரலால் தொட்டு நாக்கில் வையுங்கள், லேசாகத் தித்திக்கும். பஞ்சு போல எழும்பி, பச்சை கலந்து, முடை நாற்றம் அடித்தால்தான் பூஞ்சை. ஈரத் துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான்.

தபால் தலை அகலத்துக்கு இரண்டு துண்டு. குளிர்ந்த நீரில் போட்டு இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வையுங்கள். அல்லது அடுப்பில் வைத்து, கொதிக்க விடாமல், 60 டிகிரி வாக்கில் ஒரு மணி நேரம். கொதித்தால் இலையிலிருந்து ஆல்ஜினேட் என்ற பிசின் வழவழவென்று இறங்கும், கூடவே ஒரு கசப்பும் வரும். நீர் வெளிர் மஞ்சளாக, கிட்டத்தட்ட ஒன்றுமில்லாதது போல இருக்கும். உப்பு ஒரு சிட்டிகை போட்டுக் குடித்துப் பாருங்கள். உப்பு இல்லாமல் சப்பென்று இருந்தது, உப்பு விழுந்த நொடியில் வாய் நிறைய விரியும். விழுங்கிய பிறகும் நாக்கின் பின்பக்கம் கொஞ்ச நேரம் நிற்கும்.

இந்த ருசி எதிலிருந்து வருகிறது என்று தேடித்தான் டோக்கியோவில் வேதியியலாளர் கிகுனாயே இகெடா 1908இல் கோம்புவிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். அந்த ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தவரும் அவரே. 1957இல் அகிரா குனினாகா இன்னொன்றைக் கண்டார்: காய்ந்த ஷீட்டாக்கே காளானில் உள்ள குவானிலேட்டைக் குளூட்டமேட்டோடு சேர்த்தால் ருசி கூடுவதில்லை, பெருகுகிறது. சைவக்காரர்களுக்கு இது பெரிய வரம். கோம்பு ஊறும் நீரிலேயே ஒரு காய்ந்த காளானையும் போடுங்கள். எலும்பு சூப்பின் கனம் காய்கறி சூப்பில் வரும்.

ஜூன் 6

நேற்றைய குறிப்பைப் படித்த ஒருவர் சரியான இடத்தில் பிடித்தார்: "ஊறவைத்து இலையை எடுத்துப் போட்டுவிட்டால் அயோடினும் போய்விடும்தானே?"

போகாது. இலையில் இருந்த அயோடின் நீருக்கு மாறிவிடும், நீங்கள் குடிப்பது அந்த நீரை. கோம்புவைக் கால் மணி நேரம் கொதிக்கவைத்தால் அயோடினில் பெரும்பகுதி நீரில் இறங்கிவிடுகிறது. குளிர்ந்த நீரில் ஊறினால் கொஞ்சம் குறைவாக இறங்கலாம், அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். கொதித்த நீரைக் கொட்டிவிட்டு இலையைத் தின்றால் அயோடின் குறையும், ஆனால் ருசியும் சாக்கடைக்குப் போய்விடும்.

ஆகவே ருசிக்கு நான் சொன்ன வழி வேறு, அயோடின் கணக்கு வேறு. இரண்டு கிராம் கோம்புவில் நான்கு பேருக்கு சூப் வைத்தால், மோசமான கணக்கில் தலைக்கு 1500 மைக்ரோகிராம் வரும். வாரத்தில் ஒரு நாள் என்றால் எனக்குக் கவலை இல்லை. தினமும் என்றால் உண்டு. ஜப்பானியர்கள் தினமும் சாப்பிடுகிறார்களே என்று கேட்கலாம். அவர்களின் சராசரி அயோடின் உட்கொள்ளல் ஒரு நாளைக்கு 1000 முதல் 3000 மைக்ரோகிராம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள், பெரும்பாலோர் நலமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் ஹொக்கைடோ கடலோரத்தில் கோம்புவை ஏராளமாகத் தின்ற மக்களிடம் கழுத்துக் கழலை பரவலாக இருந்ததையும் 1960களில் பதிவு செய்திருக்கிறார்கள். பல காலமாகச் சாப்பிட்டுப் பழகிய ஊரிலேயே அளவு மீறினால் சுரப்பி சொல்லிவிடுகிறது.

ஜூன் 9

பி12. இதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன், ஏனென்றால் ஒரு வரியில் முடியாது.

ஸ்பைருலினாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது கடற்பாசியே அல்ல, நீலப்பச்சை நுண்ணுயிர். ஆனால் எல்லாரும் ஒரே அலமாரியில்தான் வைக்கிறார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் போலி பி12. பார்க்க பி12 போலவே இருக்கும், நம் உடம்புக்கு உதவாது. பழைய பரிசோதனை முறைகள் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடும், டப்பாவில் பெரிய எண் அச்சாகிவிடும்.

நோரியில் இருப்பது உண்மையான பி12தான், அதுவும் நல்ல அளவில். அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடலாமா? மாட்டேன். 1991இல் வெளியான ஓர் ஆய்வில் விலங்கு உணவே சாப்பிடாத குழந்தைகளுக்கு நோரியும் ஸ்பைருலினாவும் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் பி12 எண் ஏறியது. சிவப்பணுக்களின் நிலைமை தேறவில்லை. அதற்குப் பிறகு நோரிக்குச் சாதகமான முடிவுகளும் வந்திருக்கின்றன. ஆனாலும் பாசிக்குப் பாசி, பதப்படுத்தும் முறைக்கு முறை அளவு மாறுகிறது. பி12 குறைந்தால் நரம்பு போகும், தாமதமானால் திரும்பாது. நோரியைச் சாப்பிடுங்கள், பி12க்கு மாத்திரையையும் ரத்தப் பரிசோதனையையும் நம்புங்கள். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

ஜூன் 10

ஹிஜிகி வாங்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். கறுப்பாகத் தேயிலைத் தூள் போல இருக்கும் அந்தப் பாசியில் கனிம ஆர்சனிக் அதிகம். மற்றப் பாசிகளிலும் ஆர்சனிக் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் சர்க்கரையோடு பிணைந்த, தீங்கு குறைந்த வடிவம். கனடா 2001இலும் பிரிட்டன் 2004இலும் ஹிஜிகியைத் தவிர்க்கச் சொல்லிவிட்டன. ருசியில் அதை விட நல்லவை இருக்கும்போது எதற்கு?

ஜூன் 14

நோரி தாள் நமத்துப் போனால் என்ன செய்வது என்ற கேள்விக்கு: சின்ன தணலுக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில், இரண்டு பக்கமும் விசிறுவது போல ஆட்டுங்கள். சில நொடி போதும். வாசனை எழும்பும்போது நிறுத்துங்கள், நிறுத்தாவிட்டால் கசக்கும்.

வறுக்காத தாள் கிடைத்தால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கருஞ்சிவப்பாகத் தெரியும். தணலில் காட்டிவிட்டு மறுபடி பிடியுங்கள், பச்சை. சிவப்பு நிறமியான ஃபைக்கோஎரித்ரின் சூடு தாங்காமல் சிதைந்துவிட, அதுவரை பின்னால் மறைந்திருந்த பச்சையம் முன்னுக்கு வருகிறது. கடையில் விற்பது பெரும்பாலும் வறுத்த தாள் என்பதால் நமக்குப் பச்சை மட்டும்தான் பழக்கம்.

நோரி என்றதும் கேத்லீன் ட்ரூ-பேக்கர் நினைவு வராமல் இருக்காது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பாசி ஆராய்ச்சி செய்தவர். கல்யாணம் ஆனதால் பல்கலைக்கழகம் விரிவுரையாளர் வேலையை மறுத்துவிட்டது, சம்பளம் இல்லாத ஆய்வாளராகவே தொடர்ந்தார். அந்தக் காலத்தில் நோரி எங்கிருந்து முளைக்கிறது என்று வளர்த்தவர்களுக்கே தெரியாது. குளிர்காலத்தில் வரும், கோடையில் காணாமல் போகும், சில வருடம் வராமலே போகும். ட்ரூ-பேக்கர் ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்து, கோடையில் அது சிப்பி ஓடுகளுக்குள் துளைத்துக்கொண்டு இளஞ்சிவப்பு இழைகளாக வாழ்கிறது என்று கண்டுபிடித்தார். அதுவரை அந்த இழையை வேறொரு தாவரம் என்று நினைத்துத் தனிப் பெயரே வைத்திருந்தார்கள். 1949இல் வெளியிட்டார். ஜப்பானில் அதை வைத்து ஓடுகளில் விதைத்து வளர்க்க ஆரம்பித்தார்கள், நொடித்துக் கிடந்த தொழில் நிமிர்ந்தது. அவர் 1957இல் இறந்தார். ஜப்பானுக்குப் போனதே இல்லை. 1963இல் உட்டோ என்ற ஊரில் அவருக்கு நினைவுச் சின்னம் வைத்து, இன்றும் ஏப்ரல் 14இல் விழா எடுக்கிறார்கள்.

சம்பளம் கொடுக்காத இடம் எங்கே, கும்பிடுகிற இடம் எங்கே! கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் ஒவ்வொரு நோரித் தாளிலும் அவர் பங்கு இருக்கிறது என்பதை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

ஜூன் 15

"சாப்பிட்டால் வயிறு உப்புகிறது." ஆமாம், ஆரம்பத்தில் பலருக்கும் அப்படித்தான். காய்ந்த பாசியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நார்ச்சத்து. அதிலும் காய்கறியில் இல்லாத வகை நார். நம் குடல் அதைச் செரிக்காது, குடலில் உள்ள நுண்ணுயிர்தான் செரிக்க வேண்டும். அதற்கும் பழக்கம் வேண்டும். 2010இல் ஓர் ஆய்வு வந்தது, படித்துவிட்டு அன்று முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தேன். நோரியின் நாரை வெட்டும் நொதிக்கான மரபணு, கடலில் பாசி மேல் வாழும் ஒரு பாக்டீரியாவிடமிருந்து ஜப்பானியர் குடலில் உள்ள பாக்டீரியாவுக்குத் தாவியிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்த வட அமெரிக்கர்களின் குடலில் அது இல்லை. தலைமுறை தலைமுறையாகச் சுடாத பாசியோடு சேர்ந்து உள்ளே போன பாக்டீரியா, போகிற வழியில் மரபணுவைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

நமக்கு அது வாய்க்காவிட்டாலும் ஒன்றும் குறையில்லை. கொஞ்சமாக ஆரம்பியுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

ஜூன் 19

எடை குறைவது பற்றி. கலோரி குறைவு, நார் அதிகம், வயிறு நிறைந்தது போல இருக்கும். இதற்கு மேல் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கொழுப்பைக் கரைக்கும் என்று ஃபூகோசாந்தின் (பழுப்புப் பாசியின் நிறமி) மாத்திரை விற்கிறார்கள். தட்டில் விழுகிற பாசியை வைத்து அந்த வாக்குறுதி நிறைவேறாது.

வயிறு நிறையத்தான் வேண்டும் என்றால் அகர் அகர் (சைனா கிராஸ்) இருக்கிறது. அதுவும் சிவப்புப் பாசியிலிருந்து எடுப்பதே; சுத்திகரித்த நார் என்பதால் கடல் வாடையும் இல்லை, அயோடின் கவலையும் கிட்டத்தட்ட இல்லை. 85 டிகிரியைத் தாண்டினால்தான் கரையும், 35 முதல் 40க்குள் வந்தால் உறையும். அதனால் அரைகுறையாகச் சூடாக்கிவிட்டு 'உறையவில்லை' என்று புகார் சொல்லக் கூடாது. நன்றாகக் கொதிக்க வேண்டும். அன்னாசி, பப்பாளி போட்டால் ஜெலட்டின் உறையாது, பழத்தின் நொதி புரதத்தை அறுத்துவிடும். அகரில் புரதம் இல்லை, தாராளமாகப் போடலாம். எலுமிச்சைச் சாறு மட்டும் அகரோடு சேர்த்துக் கொதிக்கவிடாமல் இறக்கிய பிறகு விடுங்கள், புளிப்பில் கொதித்தால் தளர்ந்துவிடும்.

கோடையில் இளகாத இதன் குணத்தைச் சமையலறையில் தெரிந்து வைத்திருந்த ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண்தான் 1881 வாக்கில், பாக்டீரியா வளர்க்கும் தட்டில் ஜெலட்டின் இளகி அவதிப்பட்ட தன் கணவருக்கு அகரைச் சொன்னார். கணவர், பாக்டீரியா ஆய்வாளர் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். இன்றும் பாக்டீரியா வளர்க்கும் தட்டு அகர்தான்.

ஜூன் 22

கேள்வி கேட்டவரே திரும்ப வந்திருக்கிறார். டப்பாவில் சின்ன எழுத்தில் கெல்ப் என்றுதான் இருக்கிறதாம். நிறுத்திவிட்டாராம், மிச்சப் பொடியை வீணாக்காமல் உணவில் ஒரு சிட்டிகை தூவலாமா என்கிறார்.

நானாக இருந்தால் தூவ மாட்டேன். சிட்டிகை என்பது விரலுக்கு விரல் மாறும், உங்களுக்கோ தைராய்டு தொல்லை ஏற்கெனவே உண்டு. ஒரு பரிசோதனை செய்து, மருத்துவரிடம் இந்தப் பொடியைக் குடித்ததைச் சொல்லுங்கள். அளவு சரியான பிறகு, அவர் சம்மதித்தால், நோரியில் ஆரம்பியுங்கள். சூடான சோற்றில் கொஞ்சம் நல்லெண்ணெய், உப்பு, நொறுக்கிய நோரி. பொடியால் விட்டுப்போன ஆசை அதில் திரும்பி வரும்.

இதோடு இன்னும் மூன்று பேருக்குச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) சாப்பிடுபவர்கள் வைட்டமின் கே கணக்கால் மருத்துவரைக் கேட்காமல் பாசி தொட வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் அயோடின் தேவை 250 மைக்ரோகிராம், மற்றவர்களை விடக் கூடுதல்தான். ஆனால் அளவு மீறினால் பாதிப்பு குழந்தையின் தைராய்டுக்குப் போகும், ஆகவே கோம்பு வேண்டாம். கரையில் ஒதுங்கிய பாசியைப் பொறுக்கிச் சாப்பிடலாமா என்று கேட்டவரே, வேண்டாம். அது எத்தனை நாளாக அழுகிக்கொண்டிருக்கிறதோ, எந்தக் கழிவுநீரில் வளர்ந்ததோ. பாசி நல்ல தாதுக்களை உறிஞ்சுவது போலவே ஈயத்தையும் காட்மியத்தையும் உறிஞ்சும்.

ஜூன் 27

வகாமேவை எவ்வளவு ஊறவைப்பது என்று கேட்டிருந்தீர்கள். ஒருவருக்கு ஒரு சிட்டிகை, அதற்கு மேல் வேண்டாம். காய்ந்தபோது கிள்ளிப் போட்ட தூளாகத் தெரியும், ஐந்தே நிமிடத்தில் எடையில் சுமார் பத்து மடங்கு ஆகிக் கிண்ணத்தை விட்டு வெளியே எட்டிப் பார்க்கும். உப்பிட்ட வகை என்றால் இரண்டு முறை அலசுங்கள், இல்லாவிட்டால் உப்பு தூக்கலாகிவிடும். பிழிந்து, வெள்ளரிக்காயோடு கொஞ்சம் வினிகர், துளி சர்க்கரை, வறுத்த எள். நடு நரம்பு தடிமனாக இருந்தால் வெட்டி எடுத்துவிடுங்கள், மெல்லும்போது ரப்பர் மாதிரி இருக்கும். சூப்பில் போடுவதானால் அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள், கொதித்தால் குழைந்துபோகும்.